கேஸ் எங்கே போச்சு?

கச்சிராயபாளையம் வரைக்கும் ஏசி நன்றாகத்தான் வந்தது. கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் வண்டியை இரண்டாம் கியருக்கு மாற்றினேன். காற்றில் இருந்த குளிர் மெல்ல விலக ஆரம்பித்தது. சில வளைவுகளுக்குப் பிறகு வந்தது வெறும் காற்று. இன்னும் சில வளைவுகளில் அதுவும் வெதுவெதுப்பாகிவிட்டது. பக்கத்தில் அப்பா. 76 வயது, இதயத்தில் ஸ்டென்ட், மே மாத மதியம். “கண்ணாடிய எறக்கி வுடுப்பா” என்றார். இறக்கினேன். பாறைச் சரிவில் பட்டு வந்த காற்று அனலாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தால் சட்டை முழுக்க நனைந்து, முகம் வெளுத்துப் போயிருந்தது.

ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, முகத்தைத் துடைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்பா வெள்ளிமலைப் பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஓய்வுபெற்றுப் பதினெட்டு வருடம் ஆகிறது. ஒருமுறை அந்தப் பள்ளியைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “சரி, இன்னொரு நாள் பாத்துக்கலாம்” என்று அவரே சொன்னார். அந்த வயதில் ‘இன்னொரு நாள்’ என்று சொன்னால் கேட்கிறவனுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வண்டியைத் திருப்பினேன். வேடிக்கை என்னவென்றால், அடிவாரம் வந்து சமவெளிச் சாலையில் வேகம் பிடித்ததும் ஏசி தானாகவே ஜில்லென்று வந்துவிட்டது.

ஊரில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், மாமா பையன் சொன்னான், டீக்கடையில் நின்றவர்கூட கேட்காமலே சொன்னார்: “கேஸ் கம்மியா இருக்கும்.” ஒரு கடையில் கேஸ் ஏற்றினேன். சரியாகவில்லை. இரண்டு வாரம் கழித்து வேறு கடை. அங்கேயும் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு “கேஸ் கம்மிதான் சார்” என்று இன்னும் கொஞ்சம் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு சிக்னலில் நின்றால்கூட வெந்நீர் ஆவி மாதிரி காற்று வந்தது.

மூன்றாவதாகப் போன மெக்கானிக், தியாகதுருகம் போகிற வழியில் சின்னதாக ஒரு ஷெட் வைத்திருப்பவர். அறுபது தாண்டியவர், சேலத்தில் தொழில் கற்றவர். நான் போனதும் கேஸ் என்ற வார்த்தையை நான்தான் எடுத்தேன். அவர் சிரித்தார்.

“கேஸ் என்ன பெட்ரோலா சார், எரிஞ்சு தீந்து போறதுக்கு? கம்மியாச்சுன்னா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம். எங்க போச்சுன்னு யாராச்சும் பாத்தாங்களா?”

யாரும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விதான் என்னை இந்தக் கட்டுரைக்குள் இழுத்துவிட்டது. ‘கேஸ் கம்மியா இருக்கும்’ என்ற மூன்று சொற்கள் நம் ஊர்களில் ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டன. பழமொழிக்கு வரலாறு இருப்பது போலவே இதற்கும் இருக்கிறது.

*

குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. ஓர் இடத்தில் இருக்கிற வெப்பத்தை எடுத்து இன்னோர் இடத்தில் கொட்டுவதைத்தான் குளிரூட்டல் என்கிறோம். இதை இயந்திரம் வருவதற்கு முன்பே நம் வீட்டு மண்பானை செய்துகொண்டிருந்தது. பானையின் துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பதும் அதே வேலைதான்.

வெள்ளைக்காரர்களுக்கு இது போதவில்லை. முதலில் அவர்கள் குளிர் இருக்கும் இடத்துக்குத் தாங்களே போனார்கள். 1820களில் ஜான் சல்லிவன் ஊட்டியில் குடியேற்றத்தைத் தொடங்கினார். பிற்பாடு சென்னை மாகாண அரசே கோடைக்கு அங்கே இடம்பெயர்ந்தது. நமக்குப் பக்கத்தில் சேர்வராயன் மலையில் ஏற்காடு உருவானது. கல்வராயனில் அப்படி எதுவும் வரவில்லை. இந்த மலை மூன்று ஜாகீர்களிடம் இருந்தது. 1976இல்தான் அரசு அதை முழுமையாக எடுத்துக்கொண்டது. அப்பா வேலைக்குப் போனது அதற்கு அடுத்த வருடம். பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு மலை ஏறியிருக்கிறார்.

அடுத்தது, குளிரையே கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது. பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரெடெரிக் டியூடர், நியூ இங்கிலாந்து ஏரிகளில் பனிக்காலத்தில் உறையும் பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து உலகெங்கும் விற்றார். 1833இல் அவருடைய பனிக்கட்டி கல்கத்தா வந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையில் அதற்கென்றே ஒரு கிடங்கு கட்டினார்கள். இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் பார்க்கிற ஐஸ் ஹவுஸ் அதுதான். நாலு மாதம் கடலில் மிதந்து, பாதி கரைந்து, மிச்சம் வந்து சேர்ந்த அமெரிக்க ஏரித் தண்ணீரைத் திருவல்லிக்கேணியில் கிளாஸில் போட்டுக் குடித்திருக்கிறார்கள். இயந்திரத்தில் பனிக்கட்டி செய்ய ஆரம்பித்த பிறகு அந்த வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் அது விட்டுச்சென்ற ஒரு சொல் இன்னும் நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஒன்றரை டன் ஏசி என்கிறோமே, அந்த டன் எடை அல்ல. ஒரு டன், அதாவது 2000 பவுண்டு பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அவ்வளவு. ஒரு சின்ன காரின் ஏசியே ஏறக்குறைய ஒரு டன் திறன் உள்ளது. அதை ஒரு நாள் முழுக்க ஓட்டினால் டியூடரின் பனிக்கட்டி கிட்டத்தட்ட 900 கிலோ கரைந்ததற்குச் சமம்.

இயந்திரத்தின் அடிப்படை எளிது. 1834இல் ஜேக்கப் பெர்கின்ஸ் காப்புரிமை வாங்கிய யோசனை இன்று வரை மாறவில்லை. சுலபமாக ஆவியாகும் ஒரு திரவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும். அந்த ஆவியை கம்ப்ரசரில் அழுத்தி, வேறோர் இடத்தில் வெப்பத்தை விட வைத்தால் மறுபடியும் திரவமாகும். மறுபடி ஆவி, மறுபடி திரவம். மண்பானை ஒரு முறை விட்ட ஆவியைத் திரும்பப் பிடிப்பதில்லை. இயந்திரம் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஆவிதான் மெக்கானிக் சொல்கிற ‘கேஸ்’. சுற்றிச் சுற்றி வருவது. தீர்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

*

ஆனால் கசியும். ஆரம்பத்தில் அது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு. முதல் தலைமுறை ஃபிரிட்ஜ்களில் ஓடியது இந்த மூன்றும்தான். மூன்றுமே நஞ்சு. பெர்லினில் ஒரு குடும்பம் ஃபிரிட்ஜ் கசிவில் இறந்த செய்தியைப் படித்துவிட்டு, ஐன்ஸ்டைன் தன் இளைய நண்பர் லியோ சிலார்டுடன் சேர்ந்து, அசையும் பாகமே இல்லாத, அதனால் கசிய வழியில்லாத ஒரு ஃபிரிட்ஜை வடிவமைத்தார். 1930இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. சார்பியல் கண்டுபிடித்தவர் ஃபிரிட்ஜ் ரிப்பேரில் சில வருடம் செலவிட்டிருக்கிறார் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு.

அந்த ஃபிரிட்ஜ் கடைக்கு வரவில்லை. காரணம், கசிவை நிறுத்துவதற்குப் பதிலாக, கசிந்தாலும் பரவாயில்லை என்கிற ஒரு கேஸை இன்னொருவர் கண்டுபிடித்துவிட்டார். ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி. 1928இல் அவரும் அவர் குழுவினரும் தேடிப் பிடித்தது டைகுளோரோடைஃபுளூரோமீத்தேன். மணமில்லை, எரியாது, நஞ்சில்லை. ஃபிரியான்-12 என்று பெயர் வைத்தார்கள். நம் மெக்கானிக்குகள் ‘ஆர்-12’ என்பார்கள். 1930இல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் மிட்ஜ்லி அதை நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். மனிதனுக்கும் ஆகாது என்றில்லை, தீயும் பிடிக்காது என்று ஒரே மூச்சில் நிரூபித்தாயிற்று. பெட்ரோலில் ஈயத்தைக் கலந்தவரும் இதே ஆள்தான். போலியோவில் முடங்கிய பிறகு படுக்கையிலிருந்து எழுவதற்குத் தானே செய்துகொண்ட கயிறு-கப்பி அமைப்பில் சிக்கி 1944இல் இறந்தார்.

அந்த மூச்சில்தான் நம் பழமொழி பிறந்தது என்று நினைக்கிறேன். கசிந்தாலும் யாரும் சாகமாட்டார்கள் என்று ஆன பிறகு, கசிவைத் தேட வேண்டிய அவசரம் போய்விட்டது. குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம்.

*

வீட்டு ஃபிரிட்ஜ் இருபது வருடம் கேஸ் கேட்காமல் ஓடுகிறது. கார் ஏசி மட்டும் ஏன் கேட்கிறது? மெக்கானிக் இதை ஒரு பழைய கம்ப்ரசரைக் கையில் எடுத்துக் காட்டினார். ஃபிரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் குடுவைக்குள் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். கேஸ் வெளியே வர வழியே இல்லை. காரில் கம்ப்ரசரைச் சுற்றுவது எஞ்சின். பெல்ட் மாட்ட ஒரு தண்டு வெளியே நீண்டாக வேண்டும். அந்தத் தண்டைச் சுற்றி ஒரு சீல். எஞ்சின் ஆடும், எனவே இணைப்புக் குழாய்கள் ரப்பராக இருக்க வேண்டும். சீல் தேயும், ரப்பர் மிக மெதுவாகக் கேஸை விடும். கொஞ்சம் கசிவது கார் ஏசியின் பிறவிக் குணம்.

முதன்முதலாக ஏசியோடு கார் விற்ற நிறுவனம் பேக்கார்ட், 1940 மாடலில். 274 டாலர் கூடுதல். குளிர்க்காயில் டிக்கியில் இருந்தது, அந்த இடத்தில் பெட்டி வைக்க முடியாது. கம்ப்ரசருக்கு கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாம் என்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். ஒரிரு வருடத்தில் கைவிட்டுவிட்டார்கள். 1950களில் கிரைஸ்லரும் நாஷும் மறுபடி கொண்டுவந்த பிறகுதான் அமெரிக்காவில் பரவியது. கோடை தொடங்கும் முன் ஒரு டப்பா ஃபிரியான் வாங்கி ஊற்றுவது அங்கே ஒரு வழக்கமானது. கார் ஏசிதான் அந்த நாட்டில் சிஎஃப்சியை மிக அதிகம் தின்ற இடங்களில் ஒன்று.

நம்மிடம் அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் ஏசி என்பது கண்ணாடியை இறக்குவதுதான். மாருதி வந்த பிறகு நிலைமை மாறியது. ஜப்பானிய டென்சோ, சுஸுகியோடு சேர்ந்து சுப்ரோஸ் நிறுவனம் 1985இல் தொடங்கியது. கேஸுக்கு நாம் வெளிநாட்டை நம்பியும் இருக்கவில்லை. இந்தியாவில் சிஎஃப்சி தயாரித்த நாலு நிறுவனங்களில் ஒன்று நமக்கு மிகவும் பக்கம்: சேலத்தைத் தாண்டி மேட்டூரில், கெம்ப்ளாஸ்ட். சேலத்தில் தொழில் கற்ற நம் மெக்கானிக்குக்கு ஆர்-12 என்றால் மேட்டூர்ச் சரக்கு. “அப்பல்லாம் ரிப்பேருக்கு ஒரு வண்டி வந்தா, இருக்கிற கேஸ அப்படியே தெறந்து வுட்ருவோம் சார். புஸ்ஸுனு போகும். குத்தம்னு யாருக்குத் தெரியும்?” என்றார்.

அவருக்கு மட்டுமல்ல, உலகத்துக்கே தெரியாது. 1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் முதலில் அந்த ‘எங்கே போச்சு’ கேள்வியைக் கேட்டது. எதனோடும் வினைபுரியாத கேஸ், மழையில் கரையாத கேஸ், பூமியில் அழியாத கேஸ். அப்படியென்றால் அது மேலே போய்த்தானே ஆக வேண்டும்? மேலே, ஓசோன் படலத்தில், புற ஊதாக் கதிர் அதை உடைக்கும். விடுபடும் ஒரே ஒரு குளோரின் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும். மிட்ஜ்லி எதைச் சிறப்பு என்று ஊதிக் காட்டினாரோ, அந்த நிலைத்தன்மைதான் ஆபத்து. 1985இல் அண்டார்டிகாவின் மேலே ஓசோன் மெலிந்து கிடப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இந்தியா உடனே சேரவில்லை. இத்தனை வருடம் குளிரை அனுபவித்தவர்கள் நீங்கள், ஓட்டை போட்டதும் நீங்கள், இப்போது நாங்கள் ஃபிரிட்ஜ் வாங்கும் நேரத்தில் விலையை ஏற்றுவீர்களா என்பது நம் தரப்பு வாதம். 1990இல் லண்டன் கூட்டத்தில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இதை அழுத்திப் பேசினார். வளரும் நாடுகளுக்கென்று ஒரு நிதியம் அமைப்பதற்கு அங்கே ஒப்புக்கொண்டார்கள். 1992இல் இந்தியா சேர்ந்தது. சிஎஃப்சி உற்பத்தியைப் படிப்படியாக மூட 1999இல் அந்த நிதியத்திடமிருந்து 8 கோடியே 20 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. 2003 முதல் புதிய ஏசிகளில் சிஎஃப்சி கூடாது என்று ஆனது. 2008 ஆகஸ்டில், கெடுவுக்கு 17 மாதம் முன்னதாகவே, உற்பத்தி நின்றது. ஆஸ்துமா இன்ஹேலர்களுக்கு மட்டும் சில காலம் விலக்கு இருந்தது. பொதுவாக நாம் எதையும் கெடுவுக்கு முன் முடிப்பதில்லை என்பதால் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

கார்களில் ஆர்-12 போய் ஆர்-134ஏ வந்தது. ஓசோனை அது தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ ஆர்-134ஏ, 1430 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். ஒரு காரில் அரை கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் புஸ்ஸென்று திறந்துவிட்டால் ஏறக்குறைய 310 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் 4,600 கிலோமீட்டர். கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்கு எட்டொன்பது தடவை போய்வந்துவிடலாம். 2016இல் கிகாலியில் இதையும் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். இந்தியா 2021இல் ஏற்றது. ஐரோப்பாவின் புதுக் கார்களில் இப்போது ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறு கேஸ்.

கேஸ் மூன்று தடவை மாறிவிட்டது. கேஸோடு ஓடும் ஆயிலும் மாறிவிட்டது. நம் வாக்கியம் மட்டும் மாறவில்லை.

அந்த வாக்கியம் ஆளைக் கொன்றும் இருக்கிறது. 2011இல், வியட்நாமில் கேஸ் ஏற்றப்பட்ட கப்பல் குளிர்ப்பெட்டிகள் சில வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்று விற்கப்பட்ட போலிச் சரக்கில் இருந்தது மெத்தில் குளோரைடு. 1920களில் குடும்பங்களைக் கொன்ற அதே நஞ்சு. அலுமினியத்தோடு சேர்ந்தால் காற்றுப்பட்டதும் தீப்பற்றும் பொருளை அது உண்டாக்கும். விலை குறைந்த கேஸ் என்று யாராவது சொன்னால், எந்த டப்பா, என்ன பெயர் என்று கேட்பதில் தப்பில்லை.

*

ஷெட்டுக்குத் திரும்புவோம். மெக்கானிக் மீட்டரைத் தொடவே இல்லை. முதலில் கேள்விகள்தான்.

“எப்ப சார் கூலிங் வரல? ஓடறப்பவா, நிக்கறப்பவா?”

“நிக்கறப்ப. மலை ஏறறப்ப. ரோட்ல வேகமா போனா வருது.”

“காத்து கம்மியா வருதா, இல்ல காத்து வருது, குளிர் வரலையா?”

“காத்து நல்லா வருது.”

இந்த இரண்டு பதிலில் அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது. காற்றே குறைவாக வந்தால் சந்தேகம் டேஷ்போர்டுக்குள்: அடைத்துப்போன ஏசி ஃபில்டர், புளோயர், குளிர்க்காயிலில் பனி கட்டுவது. காற்று வந்து குளிர் இல்லையென்றால் பானெட்டுக்குள். ஓடும்போது வந்து நிற்கும்போது போனால், வெப்பத்தைக் கொட்டுகிற இடத்தில் கோளாறு. அந்த இடம் கண்டன்சர். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் மெல்லிய அலுமினியச் சல்லடை. வேகமாக ஓடும்போது எதிர்க்காற்று அதன் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும். மலை ஏறும்போது வண்டி மெதுவாகப் போகிறது, எஞ்சினோ முழுப் பாரத்தில் கொதிக்கிறது. அப்போது ஃபேன் ஒன்றுதான் துணை.

பிறகு டார்ச் அடித்து ஒவ்வோர் இணைப்பாகத் தடவிப் பார்த்தார். “கேஸ் தனியா போகாது சார். ஆயிலயும் கூட்டிக்கிட்டுத்தான் போகும். ஓட்டை இருக்கிற எடத்துல பிசுக்கு இருக்கும்.” எங்கும் பிசுக்கு இல்லை. சோப்பு நுரை வைத்தும் பார்த்தார். குமிழி இல்லை.

அதற்கப்புறம்தான் மீட்டர். எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழுதாக வைத்தார். அன்றைய வெயிலுக்குத் தாழ்பக்கம் 30, 40, மேல்பக்கம் 250 பக்கம் இருந்தால் சரி என்றார். தாழ்பக்கம் 60ஐத் தாண்டி நின்றது, மேல்பக்கம் 330. இரண்டுமே குறைவாக இருந்தால் கேஸ் குறைவு. தாழ்பக்கம் ஏறி மேல்பக்கம் இறங்கியிருந்தால் கம்ப்ரசர் சோர்ந்துவிட்டது. இரண்டுமே ஏறியிருந்தால் வெப்பம் வெளியேறவில்லை, அல்லது கேஸ் அதிகம். எஞ்சினை அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்து ‘கேஸ் கம்மி’ என்று சொன்னார்களே, அது எப்படி என்று கேட்டேன். “நிக்கற வண்டில மீட்டர் வெயிலத்தான் சார் காட்டும்” என்றார். யோசித்துப் பார்த்தால் சரிதான். உள்ளே ஒரு துளி திரவம் இருக்கிற வரை அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததே தவிர அளவைப் பொறுத்ததல்ல. சிலிண்டரில் சமையல் கேஸ் எவ்வளவு மிச்சம் என்று அழுத்தத்தை வைத்துச் சொல்ல முடியாதது போல. எடை போட்டால்தான் தெரியும்.

கடைசியாக ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்தார். ஓடிக்கொண்டிருந்த வண்டியின் முன் கிரில் வழியாகக் கண்டன்சர் மேல் மெதுவாக ஊற்றினார். ஆவி பறந்தது. மேல்பக்க முள் கண்முன்னால் இறங்கியது. “உள்ள கை வெச்சுப் பாருங்க” என்றார். வைத்தேன். ஜில்லென்று வந்தது. மண்பானைக்குத் தெரிந்த வித்தைதான். ஒரு வாளித் தண்ணீர் ஆவியாகி, 1834இலிருந்து வளர்ந்துவந்த ஓர் இயந்திரத்தின் வேலையை ஒரு நிமிடம் செய்துகொடுத்தது.

பம்பரைக் கழற்றினால் விஷயம் கிடந்தது. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு விரல் கனத்துக்கு மெத்தை போல உமி, சருகு, பூச்சி, தூசி. “தை மாசத்துல ரோட்ல சோளக்கதிர் போட்டிருப்பாங்களே, அது மேல ஓட்டிருப்பீங்க.” ஓட்டியிருக்கிறேன். எங்கள் பக்கம் எல்லோரும் ஓட்டுவோம். மக்காச்சோளத்தைச் சாலையில் பரப்பினால் வண்டிகள் கதிரடித்துக் கொடுக்கும். அதற்கான கூலி என் கண்டன்சரில் சேர்ந்திருந்தது. உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, தகடு மடங்காதபடி குறைந்த வேகத்தில் தண்ணீர் விட்டுக் கழுவினார். இரண்டு ஃபேனில் ஒன்று திக்கித் திக்கிச் சுற்றியது; மோட்டார் கார்பன் தேய்ந்திருந்தது. மாற்றினார்.

கேஸை மெஷினில் உறிஞ்சி எடுத்து எடை போட்டார். பானெட்டின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 420 கிராம் என்று அச்சிட்டிருந்தது. மெஷின் காட்டியது 610.

கேஸ் எங்கேயும் போகவில்லை. முழுசாக இருந்தது. இரண்டு கடைகளில் காசு கொடுத்து 190 கிராம் அதிகமாக ஏற்றியிருக்கிறேன். கூடுதல் கேஸ் கண்டன்சரில் திரவமாகத் தேங்கி, இருக்கிற கொஞ்ச இடத்தையும் அடைத்துவிட்டது. அதனால்தான் ஒவ்வொரு தடவை ஏற்றிய பிறகும் மோசமானது.

அந்த இரண்டு கடைக்காரர்கள் மேல் எனக்கு இப்போது பெரிய கோபம் இல்லை. அவர்கள் என்னை ஏமாற்ற நினைத்ததாகவும் தோன்றவில்லை. கசிவது இயல்பு, கேஸ் மலிவு, ஊற்றினால் தீரும் என்றிருந்த ஒரு காலத்தின் பதிலை அவர்கள் குருவிடமிருந்து வாங்கி எனக்குக் கொடுத்தார்கள். நானும் அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்துப் போனேன். கண்டன்சரைக் கழுவ வேண்டும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், காசு பிடுங்குகிறான் என்று நினைத்திருப்பேன்.

*

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை மறுபடி அழைத்துக்கொண்டு போனேன். விடியற்காலையில் கிளம்பலாம் என்றேன். “வேணாம், அதே நேரத்துக்குப் போவோம். சரி பண்ணது சரியாத்தான் இருக்கான்னு தெரிய வேணாமா?” என்றார். வாத்தியார். பரீட்சை வைக்காமல் விடமாட்டார்.

அதே வளைவுகள், இரண்டாம் கியர். குளிர் குறையவில்லை. முன்பு உட்கார்ந்திருந்த மரத்தை அவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வழியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்து, அவருக்குத் தெரிந்த முகமாக இருக்குமோ என்று நிறுத்தச் சொன்னார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணாடியை இறக்கிப் பேசிக்கொண்டிருந்தபோது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஓர் அம்மா சட்டென்று தள்ளி நின்றார். ஃபேன் கொட்டிய சூடு அவர் காலில் பட்டிருக்கிறது. உள்ளேயிருந்து எடுத்த வெப்பம் அங்கேதான் போகிறது. எஞ்சினை அணைத்தேன்.

மேலே போனதும் அப்பா ஏசியை நிறுத்தச் சொன்னார். கல்வராயனில் ஊட்டிக் குளிர் எல்லாம் கிடையாது. கீழே 38 என்றால் மேலே சில டிகிரி குறைவு, அவ்வளவுதான். அந்தச் சில டிகிரிக்கும் ஒரு வாசனை இருந்தது. பள்ளிக் கட்டடம் புதிதாகியிருந்தது, அவர் தங்கியிருந்த அறையின் இடத்தில் தண்ணீர்த் தொட்டி. காம்பவுண்டைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். “பெட்டியத் தூக்கிட்டு ஏறி வந்தப்ப, இந்த எடத்துக்கு வந்தாதான் வேர்வை காயும்” என்றார்.

இறங்கும்போது அடிவாரத்தில் சாலையின் ஒரு பக்கம் எள்ளுச்செடி காயப்போட்டிருந்தார்கள். ஒதுங்கி ஓட்டினேன். ஆனாலும் தூசி ஏறத்தான் செய்திருக்கும். கோடைக்கு முன்னால் ஒரு தடவை, அறுவடை முடிந்து ஒரு தடவை கழுவினால் போதும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அதற்கு அவர் வேண்டியதில்லை, ஒரு வாளியும் பொறுமையும் போதுமாம்.